அணுவின் தடம் கண்ட அறிஞர்

தைப்பூசத் திருநாளில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரிலிருந்து தண்ணீர்மலையை நோக்கிப் பல்லாயிரம் பக்தர்கள் நடந்து செல்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் எந்த வழியாகச் சென்றார், எங்கே நின்றார், எப்பொழுது மலையடியை அடைந்தார் என்று அறிய வேண்டுமானால் என்ன செய்வது? தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஆனால், அவருடைய காலில் ஒரு சலங்கை இருந்தால் அந்த ஓசையைக் கொண்டே அவரைப் பின்தொடரலாம். சலங்கை கட்டியதால் அவர் செல்லும் வழி மாறுவதில்லை. அவர் இருக்கும் இடம் மட்டும் நமக்குத் தெரிய வருகிறது.

மனித உடலுக்குள்ளும் கோடானுகோடி அணுக்கள் இவ்வாறே ஓயாமல் பயணம் செய்கின்றன. நாம் உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் உள்ள அணுக்கள் இரத்தத்தில் கலந்து, எலும்பு, தசை, மூளை எனப் பல இடங்களுக்கும் செல்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்குச் சலங்கை கட்டிவிட முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் ஜார்ஜ் டி ஹெவேசி. அணு மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இவருக்கு அந்த வழி எளிதாகப் புலப்பட்டுவிடவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலையில் முழுமையாகத் தோற்ற பிறகே அது அவர் கண்ணில் பட்டது.

ஹெவேசி 1885ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 1ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரமான புடாபெஸ்டில் பிறந்தார். அவருடைய குடும்பம் யூத வழிவந்த செல்வக் குடும்பம். கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தது. எட்டுப் பிள்ளைகளுள் அவர் ஐந்தாமவர். பள்ளிப் படிப்பைப் புடாபெஸ்டில் முடித்த பின்னர் அந்நகரப் பல்கலைக்கழகத்திலும் ஜெர்மனியின் பெர்லின், பிரைபர்க் நகரங்களிலும் பயின்று, 1908ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலும் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். அணு ஆராய்ச்சியில் அக்காலத்தில் முன்னணியில் நின்ற எர்னஸ்ட் ரூதர்போர்டின் ஆய்வகம் அங்கேதான் இருந்தது.

சில வகை அணுக்கள் நிலையில்லாதவை. அவை தாமாகவே சிதைந்து கதிர்களை வெளியிடுகின்றன. இப்பண்பைக் கதிரியக்கம் என்பர். ரூதர்போர்டின் ஆய்வகத்திற்கு ஆஸ்திரிய அரசு நூற்றுக்கணக்கான கிலோகிராம் ஈயத்தை அனுப்பியிருந்தது. யுரேனியம் கலந்த கனிமத்திலிருந்து பிரிக்கப்பட்ட அந்த ஈயத்தில் ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படக்கூடிய பொருள் அது. ஆனால், அவ்வளவு ஈயத்தோடு கலந்து கிடந்தால் அதைப் பயன்படுத்த இயலாது. எனவே, ஈயத்திலிருந்து ரேடியம்-டியைத் தனியே பிரித்தெடுக்கும் பொறுப்பை ரூதர்போர்டு இளைஞரான ஹெவேசியிடம் ஒப்படைத்தார்.

ஹெவேசி ஊக்கத்தோடு வேலையைத் தொடங்கினார். கரைத்துப் பார்த்தார், படிகமாக்கிப் பார்த்தார், அமிலங்களைச் சேர்த்துப் பார்த்தார். வேதியியலில் அறியப்பட்டிருந்த முறைகளை ஒவ்வொன்றாகக் கையாண்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்தும் ரேடியம்-டி ஈயத்தை விட்டு இம்மியும் விலகவில்லை. ஈயம் எங்கே சென்றாலும் அதுவும் உடன் சென்றது. ஈயம் படிந்தால் அதுவும் படிந்தது. ஈயம் கரைந்தால் அதுவும் கரைந்தது.

இதற்கான காரணத்தை இன்று நாம் அறிவோம். ஓர் அணுவின் வேதியியல் பண்பை முடிவு செய்வது அதன் கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே. ஈயத்தின் ஒவ்வோர் அணுவிலும் 82 புரோட்டான்கள் உள்ளன. ரேடியம்-டியின் அணுவிலும் அதே 82 புரோட்டான்களே இருக்கின்றன. நியூட்ரான்களின் எண்ணிக்கையில் மட்டுமே வேறுபாடு. அதாவது, ரேடியம்-டி என்பது ஈயத்தின் மற்றொரு வடிவமே. ஒரே தனிமத்தின் இத்தகைய வடிவங்களை ஐசோடோப்புகள் என்கிறோம். பிரெட்ரிக் சாடி என்ற அறிஞர் இப்பெயரை 1913ஆம் ஆண்டில்தான் அறிமுகப்படுத்தினார். ஹெவேசி தம் பணியைத் தொடங்கியபோது அப்படியொரு சொல்லே வழக்கில் இல்லை. ஈயத்திலிருந்து ஈயத்தையே பிரிக்க முயல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பலரும் இந்நிலையில் மனம் சோர்ந்து வேறு வேலையைத் தேடியிருப்பார்கள். ஹெவேசியோ தம் தோல்வியையே திருப்பிப் போட்டுப் பார்த்தார். ரேடியம்-டியை ஈயத்திலிருந்து எவ்வகையாலும் பிரிக்க முடியாது என்றால், அது ஈயத்தை எங்கும் விட்டுப் போகாது என்றுதானே பொருள்? ரேடியம்-டி கதிர்களை வெளியிடுவதால் அது இருக்கும் இடத்தைக் கருவியால் அறியலாம். அப்படியானால், சிறிதளவு ரேடியம்-டியைச் சாதாரண ஈயத்தில் கலந்துவிட்டு, அந்த ஈயம் செல்லும் இடமெல்லாம் அதைப் பின்தொடரலாம் அல்லவா? பிரிக்க முடியாமை என்ற தடையே அவருக்குக் கருவியாயிற்று.

மான்செஸ்டரில் தங்கியிருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஹெவேசி பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்வதுண்டு. அவர் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளரான அம்மையார், மிஞ்சிய உணவை மறுபடியும் புது உணவில் சேர்த்துப் பரிமாறுகிறார் என்று அவருக்கு ஐயம் எழுந்தது. அம்மையார் அதை மறுத்தார். ஒரு நாள் ஹெவேசி தம் தட்டில் மிஞ்சிய உணவில் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்தார். சில நாள்கள் கழித்துப் பரிமாறப்பட்ட உணவை மின்காட்டி என்னும் கருவியால் சோதித்தபோது கதிரியக்கம் வெளிப்பட்டது. பழைய உணவின் தடம் புது உணவில் அகப்பட்டுவிட்டது. கதிரியக்கத்தின் தீங்குகள் இன்று நன்கு அறியப்பட்டுள்ளதால் இப்படிப்பட்ட செயலை எவரும் செய்யக்கூடாது. சட்டமும் அதை அனுமதிக்காது.

வியன்னா நகரில் இருந்த ரேடிய ஆய்வு நிறுவனத்தில் பிரெட்ரிக் பானெத் என்ற வேதியியலாளரும் இதே பிரிக்கும் முயற்சியில் ஈடுபட்டுத் தோல்வியடைந்திருந்தார். ஹெவேசி அங்குச் சென்று அவரோடு இணைந்தார். 1913ஆம் ஆண்டில் இருவரும் புதிய முறையைச் செயல்படுத்திக் காட்டினர். ஈயத்தின் சில உப்புகள் நீரில் கரைவதே இல்லை என்று தோன்றும். உண்மையில் அவை மிக மிகச் சிறிய அளவில் கரைகின்றன. எந்தத் தராசாலும் அந்த அளவை நிறுக்க இயலாது. ஹெவேசியும் பானெத்தும் ஈயத்தோடு ரேடியம்-டியைக் கலந்து, கரைந்த பகுதியிலிருந்து வெளிவரும் கதிரியக்கத்தை அளந்தார்கள்.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிராம் ஈயத்திலிருந்து கருவியில் 1000 துடிப்புகள் பதிவாகின்றன என்று கொள்வோம். அந்த ஈயத்தை உப்பாக மாற்றி நீரில் இட்டு, தெளிந்த நீரை மட்டும் சோதிக்கும்போது ஒரே ஒரு துடிப்புப் பதிவானால், அந்நீரில் ஒரு மில்லிகிராம் ஈயம் கரைந்துள்ளது என்று கணக்கிடலாம். கண்ணுக்கும் தராசுக்கும் எட்டாத ஒன்று இவ்வாறு எண்ணிக்கைக்குள் அடங்கியது. பொருளின் போக்கைக் காட்டிக் கொடுக்கும் இத்தகைய கதிரியக்க அணுக்களைத் தடங்காட்டிகள் என்று அழைக்கலாம்.

முதல் உலகப் போர் ஹெவேசியின் ஆராய்ச்சிக்கு இடையூறாக அமைந்தது. போருக்குப் பின்னர் ஹங்கேரியில் அரசியல் குழப்பங்கள் மிகுந்தன. 1920ஆம் ஆண்டு அவர் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகருக்குச் சென்று, மான்செஸ்டரில் தமக்கு நண்பரான நீல்ஸ் போரின் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு டர்க் காஸ்டர் என்பவரோடு சேர்ந்து 72ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்து 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோப்பன்ஹேகனின் இலத்தீன் பெயரான ஹாப்னியா என்பதைக் கொண்டு அதற்கு ஹாப்னியம் எனப் பெயரிடப்பட்டது.

அதே 1923ஆம் ஆண்டில் ஹெவேசி தடங்காட்டியை உயிருள்ள ஒன்றில் முதன்முறையாகச் சோதித்தார். ஒரு வகை அவரைச் செடியின் வேரைக் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் வைத்தார். பின்னர் வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். ஈயத்தின் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிட்டதையும் மிகச் சிறிதளவே மேலே ஏறியதையும் கண்டார். அடுத்த ஆண்டு விலங்குகளின் உடலில் பிஸ்மத் என்னும் உலோகத்தின் போக்கை ஆராய்வதிலும் இம்முறை கையாளப்பட்டது.

எனினும், ஒரு பெரிய தடை குறுக்கே நின்றது. இயற்கையில் கிடைத்த தடங்காட்டிகள் ஈயம், பிஸ்மத் போன்ற கன உலோகங்களின் வடிவங்களாகவே இருந்தன. ஈயம் உடலுக்கு நஞ்சு. உயிர் வாழத் தேவைப்படுபவை கார்பன், பாஸ்பரஸ், இரும்பு, அயோடின் போன்ற தனிமங்கள். அவற்றைப் பின்தொடர உதவும் கதிரியக்க வடிவங்கள் அப்போது கைவசம் இல்லை. வழி தெரிந்திருந்தும் அதில் நடக்க முடியாத நிலையில் ஹெவேசி பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

1926ஆம் ஆண்டில் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்தபோது கதிரியக்கம் இல்லாத மற்றொரு தடங்காட்டி அவருக்குக் கிடைத்தது. அதுதான் கனநீர். சாதாரண நீரைவிடச் சற்றே கனமான இந்நீரைச் சிறிதளவு கலந்து பருகி, அது உடலைவிட்டு வெளியேறும் வேகத்தை ஹெவேசியும் அவருடைய துணைவர் ஒருவரும் அளந்தனர். நாம் பருகும் நீரின் ஒரு மூலக்கூறு சராசரியாக ஏறத்தாழ 13 நாள்கள் நம் உடலில் தங்குகிறது என்ற உண்மையை 1934ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேரி கியூரியின் மகளான ஐரீனும் அவருடைய கணவர் பிரெடரிக் ஜோலியோவும் செயற்கை முறையில் கதிரியக்க அணுக்களை உருவாக்கியிருந்தனர். இயற்கையை நம்பிக் காத்திருக்க வேண்டிய நிலை அத்துடன் முடிவுக்கு வந்தது. தேவையான தனிமத்தின் கதிரியக்க வடிவத்தை மனிதனே உருவாக்கிக்கொள்ள வழி பிறந்தது. இதற்கிடையே ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி யூத வழிவந்தோரைப் பணிகளிலிருந்து விலக்கி வந்தது. ஹெவேசி 1934ஆம் ஆண்டு ஜெர்மனியை விட்டு வெளியேறி மீண்டும் கோப்பன்ஹேகனை அடைந்தார்.

அங்கே அவர் முதலில் உருவாக்க விரும்பியது கதிரியக்கப் பாஸ்பரஸ். அதை ஆக்கும் முறை வியப்புக்குரியது. கந்தக அணுவின் கருவில் 16 புரோட்டான்கள் உள்ளன. ஒரு நியூட்ரான் அதன்மீது மோதி உள்ளே நுழையும்போது ஒரு புரோட்டான் வெளியே தள்ளப்படுகிறது. எஞ்சுபவை 15 புரோட்டான்கள். 15 புரோட்டான்கள் கொண்ட அணு பாஸ்பரஸ் அணுவாகும். இவ்வாறு கந்தகம் பாஸ்பரஸாக மாறுகிறது. பாஸ்பரஸ்-32 எனப்படும் இந்த வடிவம் கதிரியக்கம் உடையது. ஏறத்தாழ 14 நாள்களில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. கந்தகம் அடங்கிய திரவத்தின் நடுவே நியூட்ரான்களை வெளியிடும் பொருளை வைத்து, புதிதாக உண்டாகும் பாஸ்பரஸைப் பிரித்தெடுத்தார்கள். பாஸ்பரஸும் கந்தகமும் வெவ்வேறு தனிமங்கள் ஆதலால் இம்முறை பிரிப்பது எளிதாயிற்று.

நியூட்ரான்களைப் பெற ரேடியம் தேவைப்பட்டது. ரேடியமோ விலை மிகுந்தது. 1935ஆம் ஆண்டு நீல்ஸ் போர் தம் 50ஆம் பிறந்தநாளைக் கொண்டாடினார். அதையொட்டி ஹெவேசி முன்னின்று திரட்டிய நிதியைக் கொண்டு 600 மில்லிகிராம் ரேடியம் வாங்கிப் பரிசளிக்கப்பட்டது. அந்தப் பரிசு ஆய்வுக்கூடத்தின் உற்பத்திக்கே உரமாயிற்று. பின்னர் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாரன்ஸ் உருவாக்கிய சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் இதைவிடப் பல மடங்கு கதிரியக்கப் பாஸ்பரஸை உருவாக்கியது. லாரன்ஸ் அதை ஹெவேசிக்கும் அனுப்பி உதவினார். 1938ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகனிலேயே ஒரு சைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கியது.

1935ஆம் ஆண்டில் ஹெவேசியும் மருத்துவர் சீவிட்ஸும் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த உணவை எலிகளுக்குக் கொடுத்தனர். எலும்பு ஒரு முறை வளர்ந்துவிட்டால் சுவரில் பதித்த செங்கல் போல மாறாமல் இருக்கும் என்றே அக்காலத்தில் பலரும் எண்ணியிருந்தனர். ஆனால், வளர்ந்த எலியின் எலும்பிலும் புதிய பாஸ்பரஸ் அணுக்கள் குடியேறின; பழையவை வெளியேறின. ஒரு பாஸ்பரஸ் அணு எலியின் உடலில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மாதங்களே தங்குகிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். உருவம் மாறாமல் நிற்கும் உடலுக்குள் அணுக்கள் ஆற்று நீரைப்போல ஓடிக்கொண்டே இருக்கின்றன என்ற உண்மையை இந்த ஆய்வு நிலைநாட்டியது.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜெர்மானியப் படை கோப்பன்ஹேகனுக்குள் நுழைந்தது. மேக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் பிராங்க் ஆகிய இரு அறிஞர்களின் நோபல் தங்கப் பதக்கங்கள் போரின் நிறுவனத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அந்நாட்டுச் சட்டப்படி பெருங்குற்றம். பெயர் பொறித்த பதக்கங்கள் படையினரிடம் சிக்கினால் ஜெர்மனியில் இருந்த லாவேயின் உயிருக்கே ஆபத்து நேரும். படைகள் தெருக்களில் அணிவகுத்து வந்துகொண்டிருந்த வேளையில் ஹெவேசி அப்பதக்கங்களை இராஜ திராவகத்தில் இட்டுக் கரைத்தார். தங்கம் கரைந்த அந்தக் குடுவை அலமாரியில் எவர் கவனத்தையும் ஈர்க்காமல் இருந்தது. போருக்குப் பின்னர் அத்தங்கம் மீட்கப்பட்டு, மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டது. ஒரு பொருள் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டாலும் அதன் அணுக்கள் அழிவதில்லை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

1943ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஆபத்து முற்றியபோது ஹெவேசி சுவீடன் நாட்டுக்குத் தப்பிச் சென்று ஸ்டாக்ஹோமில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். ஐசோடோப்புகளைத் தடங்காட்டிகளாகப் பயன்படுத்தியமைக்காக 1943ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு, மறு ஆண்டில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. மான்செஸ்டரில் அவர் தோல்வியைத் தழுவி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 1966ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள், தம் 80ஆம் வயதில், பிரைபர்க் நகரில் அவர் காலமானார். 2001ஆம் ஆண்டு அவருடைய உடல் எச்சங்கள் தாய்மண்ணான புடாபெஸ்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன.

ஹெவேசி காட்டிய வழியில் மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. இன்று பெரும்பாலான அணு மருத்துவப் பரிசோதனைகளில் டெக்னீசியம்-99எம் என்ற தடங்காட்டி பயன்படுகிறது. அதை எலும்பை நாடும் பொருளோடு சேர்த்துச் செலுத்தினால் எலும்பின் நிலை தெரியும். இதயத்தை நாடும் பொருளோடு சேர்த்தால் இதயத்தின் நிலை தெரியும். எக்ஸ்ரே படத்தில் கதிர்கள் உடலுக்கு வெளியிலிருந்து பாய்கின்றன. இப்பரிசோதனையிலோ கதிர்கள் உடலுக்குள்ளிருந்து வெளிவருகின்றன. உறுப்பின் வடிவத்தோடு அது வேலை செய்யும் விதத்தையும் மருத்துவர்கள் அறிகிறார்கள்.

தடங்காட்டியை உருவாக்குவோர்க்குக் காலமே பெருஞ்சவால். டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயாளியின் உடலில் கதிரியக்கம் நீண்ட நேரம் தங்காமல் இருக்க இது நன்மையே. ஆனால், அதைச் சேமித்து வைக்க இயலாது. இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டுள்ளது. ஏறத்தாழ 66 மணி நேரத்தில் பாதியாகும் மாலிப்டினம்-99 என்ற தாய்ப்பொருளை ஒரு சிறு கலத்தில் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். உப்பு நீரைச் செலுத்தி அதை எடுத்துக்கொள்ளலாம். பசுவில் பால் கறப்பதைப்போல இருப்பதால் ஆய்வகத்தார் இக்கலத்தை மாடு என்றே செல்லமாக அழைப்பதுண்டு.

புற்றுநோயைக் கண்டறிய உதவும் புளோரின்-18 இன்னும் விரைவில், 110 நிமிடங்களில் பாதியாகிறது. கோலாலம்பூரில் உருவாக்கிய புளோரின்-18ஐச் சாலை வழியாகப் பினாங்குக்குக் கொண்டுவர நான்கு மணி நேரம் ஆகிறது என்று கொண்டால், வந்து சேரும்போது கால்பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். அதனால்தான் தடங்காட்டியை எங்கே உருவாக்குவது, எப்போது அனுப்புவது என்பதை நிமிடக் கணக்கில் திட்டமிடுகிறார்கள்.

மலேசியாவில் பாங்கி நகரில் 1982ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வு அணு உலை இயங்கி வருகிறது. பயிற்சி, ஆராய்ச்சி, ஐசோடோப்பு உருவாக்கம் ஆகியவை அதன் நோக்கங்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு நோயாளிகளுக்குச் சேவையாற்றுகிறது. அங்கு ஒருவருக்கு மருந்து செலுத்தப்படும்போது, அதிலுள்ள கதிரியக்க அணுக்கள் தாம் சார்ந்த பொருளைவிட்டு அகலாமல் உடலெங்கும் உடன் செல்கின்றன. ஈயத்தைவிட்டு ரேடியம்-டி விலக மறுத்தபோது ஓர் இளைஞர் கண்டு மனம் நொந்த அதே பண்புதான், இன்று நோய் இருக்கும் இடத்தை மருத்துவருக்குக் காட்டுகிறது.